முள் எப்போது ஏறுகிறது? டீசல் கேரவன் சூடேறினால் அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

உச்சிப்புளிப் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் என் பட்டறை. ராமேஸ்வரம் போகிற வண்டியும் திரும்புகிற வண்டியும் இந்த வழியாகத்தான் போயாக வேண்டும். முன்பெல்லாம் வேனும் மினி பஸ்ஸும்தான் வரும். கொஞ்ச வருடமாகப் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்துக் கட்டிய கேரவன்களும் வருகின்றன. ஹீட் ஆகி வந்து நிற்கிற வண்டியின் பானெட்டைத் தூக்குவதற்கு முன்னால் டிரைவரிடம் இரண்டு கேள்வி கேட்பேன். டேஷ்போர்டில் சூடு காட்டுகிற முள் ஏறியது நிற்கும்போதா, ஓடும்போதா? கடைசியாக என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்?

முதல் கேள்விக்குப் பதில் உடனே வரும். இரண்டாவதற்குத்தான் தலையைச் சொறிவார்கள். இந்தக் கடற்கரையில் பெரிய செலவு வைக்கிற பழுது பெரும்பாலும் அந்த இரண்டாவது பதிலில் ஒளிந்திருக்கும்.

முள் சிவப்பில் நிற்கிறது, இந்த நிமிடம் என்ன செய்வது?

ஓரம் கட்டி ஏசியை அணையுங்கள். ஆவி வரவில்லை, கீழே ஒழுகவும் இல்லை என்றால் இரண்டு மூன்று நிமிடம் நியூட்ரலில் ஓடட்டும். ஃபேனும் பம்பும் சுற்றுவதால் சூடு சீராக இறங்கும், டர்போவுக்கும் நல்லது. ஆவி பறந்தாலோ தண்ணீர் கொட்டினாலோ யோசிக்காமல் அணைத்துவிடுங்கள்.

உச்சியில் இருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்பட வேண்டாம். சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் சரியான சூட்டைச் சொல்லும். தண்ணீர் போய்விட்டால் வெறும் காற்றையும் ஆவியையும் அளந்துகொண்டு, எல்லாம் நலம் என்று காட்டும். "முள்ளு இறங்கிருச்சேன்னு ஓட்டிட்டு வந்துட்டேண்ணே" என்று சொன்னவர்களுக்கு நான் ஹெட்டை, அதாவது சிலிண்டர் பிளாக்கின் மேல்மூடியை, இறக்கியிருக்கிறேன்.

மூடியைத் தொடாதீர்கள். ரேடியேட்டர் மூடி சுமார் 1 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரைக்கும் கொதிக்காது. மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய், உள்ளே இருப்பது மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்து மேலே வரும். என் வலது முன்கையில் உள்ள தழும்பு மண்டபத்தில் வேலை பழகிய காலத்தில் அப்படி வாங்கியதுதான். குறைந்தது முக்கால் மணி நேரம் விடுங்கள். அப்புறம் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது. மெத்தென்று அமுங்கினால் தடித்த துணியைப் போட்டுக் கால் திருப்பு திருப்பி, சீறல் நின்ற பிறகு முழுதாகத் திறக்கலாம்.

கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. நிறைய வண்டிகளில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் ஏற்கெனவே அதிகமாக விரிந்து நிற்கும். அதன் தலையில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் ஹெட் கோணும், சில சமயம் விரிசலே விடும்.

நிற்கும்போது ஏறுகிறது, ஓட்டினால் இறங்குகிறது

ராமேஸ்வரம் கோயில் பக்கத்து நெரிசலில், அல்லது ரயில் பாலத்தை வேடிக்கை பார்க்க நிறுத்துகிறவர்களால் பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டிகள் ஊர்கிற நேரத்தில் முள் ஏறும். மண்டபம் தாண்டி வேகம் எடுத்ததும் இறங்கும். ஓடும்போது காற்று தானாக உள்ளே வந்துவிடுகிறது, நிற்கும்போது அதை ஃபேன்தான் இழுக்க வேண்டும். எனவே ஃபேனிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு தினத்தாளை முன்கிரில்லில் வைத்துப் பாருங்கள். சூடான இன்ஜினில் ஃபேன் ஓடும்போது தாள் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வழுக்கிக் கீழே விழுந்தால் ஃபேன் இழுக்கவில்லை. வெளியே தள்ளினால் மின்சார ஃபேனின் ஒயரை யாரோ மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கேரவன் கட்டுகிற இடத்தில் கூடுதல் ஃபேன் பொருத்தியபோது இப்படி நடந்த வண்டியை நானே பார்த்திருக்கிறேன்.

பெல்ட்டில் ஓடுகிற ஃபேனாக இருந்தால் நடுவில் விஸ்கஸ் கிளட்ச் இருக்கும். உள்ளே ஆயில் அடைத்தது, சூடு ஏறினால் ஃபேனை இறுக்கிப் பிடித்து வேகமாகச் சுற்ற வைக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றுங்கள். கொஞ்சம் பிடிப்போடு சுற்றி நிற்க வேண்டும். காற்றாடி மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தால் கிளட்ச்சின் ஆயில் போய்விட்டது. கிளட்ச்சின் முகத்தில் பிசுக்கு படிந்திருந்தால் அதுவும் அதற்குச் சாட்சி. நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் சூடானதும் ஃபேன் இரைகிற சத்தம் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கே கேட்கும்.

மின்சார ஃபேன் என்றால் ஃபியூஸ், ரிலே, அப்புறம் கனெக்டர். கடலோரத்தில் கனெக்டரைத்தான் நான் முதலில் கழற்றுவேன். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்துக் கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரியும்.

ஃபேனைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றியவர் திரும்ப மாட்டியிருக்க மாட்டார். கூடு இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்தில் இருக்கிற சூட்டையே திரும்பத் திரும்பச் சுற்றும். கிரில்லில் கட்டிய பேனரும் மாலையும் வாழைக்கன்றும் இதே கணக்குதான். சாமிக்குக் கட்டியதை அவிழ்க்கச் சொன்னால் கோபப்படுகிறார்கள். மேலே தூக்கிக் கட்டச் சொல்லிவிடுவேன்.

கேரவனுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் படுப்பது. ஐடிலில் ஃபேனும் மெதுவாகச் சுற்றும், முன்னால் இருக்கிற ஏசி கண்டென்சரும் சூட்டைக் கக்கும். அப்படித்தான் படுக்க வேண்டுமென்றால் வண்டியின் மூக்கைக் காற்றைப் பார்த்து வையுங்கள். பின்னாலிருந்து காற்று அடித்தால் ஃபேன் வெளியே தள்ளுகிற சூட்டையே அது திருப்பி உள்ளே அனுப்பும். இரவு இன்ஜினை அணைத்து நிறுத்தும்போது இதற்கு நேர்மாறு: மூக்கைக் கடலிலிருந்து திருப்பி வையுங்கள், ரேடியேட்டரில் உப்பு படியாது.

ஓடும்போது ஏறுகிறது, நின்றால் இறங்குகிறது

இது ஃபேன் சம்பந்தப்பட்டதில்லை. காற்று வருகிறது, ஆனால் சூடு ரேடியேட்டரை விட்டு வெளியேறவில்லை. அல்லது தண்ணீர் வேண்டிய அளவு சுற்றவில்லை.

முதலில் ஒரு விதிவிலக்கு. மேற்குப் பக்கமிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி கடைக்கோடியான அரிச்சல்முனைக்குப் போகும்போது மட்டும் முள் ஏறும், திரும்பி வரும்போது இறங்கும். வண்டியில் குறையே இருக்காது. முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், காற்றும் கிட்டத்தட்ட அதே வேகம் என்றால் ரேடியேட்டருக்கு வருகிற காற்று ஏறக்குறைய ஒன்றுமில்லை. திரும்பும்போது எதிர்க்காற்று நன்றாகக் குளிர வைக்கும். இதற்காக ரேடியேட்டரை மாற்றியவர்கள் உண்டு.

அது இல்லையென்றால் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத்தான் தெரியும். இந்த மாவட்டம் முழுக்கச் சீமைக் கருவேலம். அதன் பொடி இலை கண்டென்சரின் இடுக்கில் நுழைந்து ரேடியேட்டர் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். அரியமான் கடற்கரையில் சவுக்கு நிழலில் நாலு நாள் நிறுத்தினால் அந்த ஊசியும் சேரும். கசிந்த ஆயிலும் மணலும் அதோடு கலந்து கம்பளி மாதிரி ஒரு படலம் ஆகிவிடும். போன கோடையில் ஒரு கேரவனில் கம்பியை விட்டு ஒரு மூலையைக் கிளப்பினேன். கை அகலத்துக்கு ஒரே துண்டாக உரிந்து வந்தது, அதன் பின்பக்கத்தில் ரேடியேட்டர் தகட்டின் வரிகள் அச்சு எடுத்ததுபோல் பதிந்திருந்தன.

கழுவும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகப் பிடித்தால் தகடுகள் மடங்கி மொத்தமாக அடைத்துக்கொள்ளும். விரலால் தொட்டாலே தகடு வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் உப்பு தின்று முடித்துவிட்டது. அதைக் கழுவிப் பயனில்லை, கோர் மாற்ற வேண்டும்.

வெளியே சுத்தம் என்றால் உள்ளே அடைப்பு. சூடான இன்ஜினை அணைத்து, ரேடியேட்டர் முகத்தில் ஓரத்திலிருந்து ஓரத்துக்குக் கையைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் எங்காவது குளிர்ந்த திட்டு இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் துல்லியம். மின்சார ஃபேன் உள்ள வண்டியில் இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் தானாகக் கிளம்பும், கை பத்திரம்.

கீழ் ஹோஸையும் மறக்காதீர்கள். ஒருவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, இன்னொருவர் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் துருப்பிடித்துப்போயிருந்தால் பம்ப் இழுக்கிற இழுப்பில் ஹோஸ் சப்பிக்கொள்ளும். ஐடிலில் உருண்டையாக நிற்கும், வேகத்தில் மட்டும் சப்பும். இதைக் கண்டுபிடிக்காமல் பம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் என்று மூன்றையும் மாற்றிவிட்டு வந்தவரும் உண்டு.

கடைசியாகத் தெர்மோஸ்டாட், இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கிற வால்வு. இன்ஜின் கொதிக்கிறது, ரேடியேட்டருக்குப் போகிற ஹோஸ் மட்டும் கை வைக்கிற சூட்டில் இருக்கிறது என்றால் வால்வு திறக்கவில்லை. கழற்றிச் சோதிப்பது லேசு, கேரவனில் அடுப்பே இருக்கிறது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் முட்டாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு, கூடவே ஒரு தெர்மாமீட்டர் போடுங்கள். வால்வின் உடம்பில் 82 என்றோ 88 என்றோ எண் அடித்திருக்கும். அந்தச் சூட்டில் வாய் திறக்கத் தொடங்க வேண்டும். இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி போவதற்குள் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். மதுரைக் குடும்பம் ஒன்றின் வண்டியில் இப்படிச் சோதித்தபோது வால்வு 95-க்கும் அசையவில்லை. டிரைவருக்கு நிம்மதி, பழுது கிடைத்துவிட்டது. உள்ளேயிருந்து அவருடைய அம்மா மட்டும், "ஏந்தம்பி, அந்தச் சட்டியிலயா இனிமே நான் பால் காய்ச்சணும்?" என்றார். பழைய பாத்திரமாகப் பார்த்து எடுங்கள்.

என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்?

ஒரு மாலை ஒரு வேன் வந்தது. ரேடியேட்டர் அடியில் நாலு இடத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் தனுஷ்கோடி சாலையில் ஹீட் ஆகியிருக்கிறது. "ரெண்டு பக்கமும் கடலுண்ணே. இம்புட்டுத் தண்ணி கெடக்குதேன்னு நாலு பாட்டில் ஊத்திட்டேன்." ஊற்றியதை அன்றைக்கே வடித்துக் கழுவியிருந்தால் பிழைத்திருக்கும். அப்படியே ஒரு மாதம் ஓடியிருக்கிறது. உப்பில் இருக்கிற குளோரைடு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். ரேடியேட்டரோடு வாட்டர் பம்பும் போயிருந்தது.

நான் வேலை பார்த்த விசைப்படகுகளிலேயே கடல் தண்ணீர் நேராக இன்ஜினுக்குள் போகாது. ஹீட் எக்ஸ்சேஞ்சரின் ஒரு பக்கத்தில் கடல், மறுபக்கத்தில் நல்ல தண்ணீரும் கூலன்ட்டும். அதிலும் உப்பு தின்னட்டும் என்று ஒரு துத்தநாகத் துண்டை வைத்திருப்பார்கள். கடலிலேயே பிழைக்கிற இன்ஜினுக்கு அவ்வளவு பாதுகாப்பு என்றால் ரோட்டில் ஓடுவதற்குச் சொல்லவே வேண்டாம்.

கடல் தண்ணீரை ஊற்றுகிறவர் எப்போதோ ஒருவர்தான். போர் தண்ணீரை ஊற்றுகிறவர்தான் தினம் வருகிறார். இந்தக் கரையில் பல இடங்களில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் குடிக்க நல்லதுதான், அதிலும் தாது உப்பு இருக்கிறது. தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டிய ஊற்றில் இனிக்கிற தண்ணீர் வரும், அதுவும் ரேடியேட்டருக்கு ஆகாது. காய்ச்சுகிற பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு சிலிண்டரைச் சுற்றியும் படியும். அது மெல்லியதாக இருந்தாலும் சூட்டை வெளியே விடாது.

சரி, எதை ஊற்றுவது? பேட்டரிக்கு வாங்குகிற டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. அல்லது கலந்தே வருகிற கூலன்ட். வழியில் வேறு எதுவும் கிடைக்கவில்லை என்றால் 20 லிட்டர் குடிநீர் கேனில் இருந்து ஊற்றிக்கொண்டு வந்து, பிறகு வடித்துவிடுங்கள். "நம்ம ஊர்ல என்ன பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்பார்கள். உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று மட்டும்தான். துரு பிடிக்காமல் காப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும்தான் நமக்கு வேண்டும். தண்ணீருக்குள் நேராக நிற்கிற லைனர் (சிலிண்டரின் உட்குழாய்) உள்ள பெரிய டீசல் இன்ஜின்களில் இன்னொன்றும் உண்டு. அதிர்வில் லைனர் மேல் நுண்ணிய குமிழிகள் உண்டாகி உடைந்து உடைந்து ஊசிக் குத்து மாதிரி ஓட்டை போடும். அதைத் தடுக்கிற மருந்து அதற்கென்று தயாரித்த கூலன்ட்டில்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீரே கலக்காமல் வெறும் கூலன்ட்டை ஊற்றுவதும் தப்பு, தண்ணீர் அளவுக்கு அது சூட்டைத் தூக்காது.

பச்சையா சிவப்பா என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். வண்டியின் கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும். சாதாரண வகையை 2 வருடத்துக்கு ஒருமுறை வடிக்க வேண்டும். நீண்ட ஆயுள் வகை 5 வருடம் போகும் என்பார்கள், நடுவில் கண்ட தண்ணீரை ஊற்றாமல் இருந்தால். வடித்ததை மண்ணில் ஊற்றாதீர்கள். கூலன்ட் விஷம், ஆனால் இனிப்பு, ஆடும் நாயும் நக்கும். அடியில் கிடக்கிற அந்த மணலில்தான் ஜனங்கள் ஊற்றும் தோண்டுகிறார்கள்.

கூலன்ட் டப்பாவில் தண்ணீர் குறைகிறது, ஒழுகலைக் காணோம்

ஒழுகல் இருக்கும், சூட்டில் காய்ந்துவிடுவதால் சொட்டு தெரியாது. காய்ந்த இடத்தில் நிறம் தெரியும். வாட்டர் பம்பின் அடியில் சின்னத் துளை ஒன்று உண்டு. அதிலிருந்து கோடு இறங்கியிருந்தால் பம்பின் சீல் போய்விட்டது. துளையை அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகும்.

கேரவனில் கூடுதலாக ஒரு வேலை. சில வண்டிகளில், முக்கியமாக வெளிநாட்டில் கட்டியவற்றில், குளிக்கிற வெந்நீருக்காக இன்ஜின் தண்ணீரையே பின்பக்க டேங்க் வரை ஹோஸில் கொண்டுபோயிருப்பார்கள். அந்த இணைப்பு கட்டிலுக்கு அடியில் இருக்கும். பலகையைத் தூக்கிக் கிளிப்புகளைத் தடவிப் பாருங்கள். அவ்வளவு நீளமான ஹோஸில் காற்றும் மாட்டிக்கொள்ளும். தண்ணீர் மாற்றிய பிறகு முள் ஏறி ஏறி இறங்கினால் அது காற்றடைப்புதான். வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி, ஹீட்டர் வால்வைத் திறந்து, காற்று வெளியேற்றும் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை மெதுவாக ஊற்றுங்கள்.

வெளியே எங்குமே இல்லை என்றால் உள்ளே போகிறது. இன்ஜினுக்கே திருப்பி அனுப்புகிற புகையைக் குளிர வைக்கும் இஜிஆர் கூலர் உள்ள வண்டிகளில் அது ஓட்டையாகி, தண்ணீர் புகையோடு போய்விடும். அடுத்த சந்தேகம் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கெட்.

மஞ்சள் தூளைப் பற்றி ஒரு வார்த்தை. ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் ஒழுகல் நிற்கும் என்பது லாரிக்காரர்களின் பழைய வைத்தியம். நிற்கும்தான், வீடு போய்ச் சேரலாம். ஓட்டையை அடைக்கிற அதே தூள் நல்ல குழாய்களையும் அடைக்கும். போட்டிருந்தால் மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

டப்பாவில் குமிழி, ஆயிலில் பால்

காலையில் குளிர்ந்த இன்ஜின். மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஒன்றிரண்டு குமிழி வந்து நின்றால் பயமில்லை. நிற்காமல் பொங்கினாலும், மூடி போட்டிருக்கும்போது இன்ஜின் சூடாவதற்கு முன்னாலேயே மேல் ஹோஸ் விறைத்தாலும், சிலிண்டரின் காஸ் தண்ணீருக்குள் வருகிறது. பட்டறையில் நீலத் திரவம் வைத்துச் சோதிப்போம், காஸ் பட்டால் நிறம் மாறும், டீசலில் பச்சையாகும். ஆயில் குச்சியில் பால் காபி நிறம் தெரிந்தால் இன்ஜினை இன்னொரு முறை ஸ்டார்ட் செய்யாதீர்கள், டோ போடுங்கள். தண்ணீரில் மட்டும் ஆயில் மிதந்து, ஆயில் சுத்தமாக இருந்தால் ஆயில் கூலரை முதலில் பாருங்கள். ஹெட்டை இறக்காமலேகூடத் தப்பிக்கலாம். இறக்கினால் லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்காமல் புதுக் கேஸ்கெட் போடாதீர்கள்.

சூடேறவே மாட்டேன் என்கிறது

இதைப் பழுது என்று யாரும் கொண்டுவருவதில்லை. டீசல் அதிகம் குடிக்கிறது, காலையில் வெள்ளைப் புகை என்று வருவார்கள். முள் பாதிக்குக் கீழேயே கிடக்கும். தெர்மோஸ்டாட் வீட்டைத் திறந்தால் உள்ளே காலி. எப்போதோ ஹீட் ஆனபோது, "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?" என்று ஒருவர் பிடுங்கிப் போட்டிருப்பார். குறைந்த சூட்டில் ஓடுகிற டீசல் இன்ஜினில் எரிபொருள் முழுதாக எரியாது, சிலிண்டரும் சீக்கிரம் தேயும்.

பைபாஸ் வழி உள்ள இன்ஜின்களில் கதை இன்னும் மோசம். சூடானதும் அந்தப் பைபாஸை மூடுவதும் தெர்மோஸ்டாட்தான். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். அதனால் சாதாரண நாளில் சூடேறாத அதே வண்டி, சுமையோடு பாலம் ஏறும்போது கொதிக்கும்.

அப்படி வந்த ஒரு டிரைவரிடம், கழற்றிய வால்வு எங்கே என்று கேட்டேன். டேஷ்போர்டைத் திறந்து பில்லோடு சேர்த்து எடுத்துக் கொடுத்தார். சட்டியில் போட்டுப் பார்த்தேன். 82-ல் வாய் திறந்தது.